வீட்டிலேயே டிரைவ்ஷாஃப்டைக் கழற்றி, கிரீஸ் இட்டு, மீண்டும் பொருத்துவது எப்படி? பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் வண்டி, 2004 முதல் 2012 வரை வெளிவந்த, காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படும் எஞ்சின் கொண்ட பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ். இதன் டிரைவ்ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் வலப்பக்க ஸ்விங் ஆர்முக்குள் மறைந்து ஓடுகிறது. பின்சக்கரம் இடப்பக்கமாகக் கழன்று வரும். அதே வடிவமைப்பில் வந்த ஆர் 1200 ஆர்டி, ஆர் 1200 ஆர் முதலியவற்றுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மற்ற வண்டிகள் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பின்னால் ஒரு பதிலில் சொல்லியிருக்கிறேன்.

செயின் இல்லாத வண்டிக்குப் பராமரிப்பே தேவையில்லை என்கிறார்களே, அது உண்மைதானா?

செயினுக்குத் தேவைப்படும் பராமரிப்பு தேவையில்லை என்பது உண்மை. வாரந்தோறும் எண்ணெய் தடவுவதும், தளர்ச்சியைச் சரிசெய்வதும், பல்சக்கரங்களை மாற்றுவதும் இந்த வண்டியில் இல்லை. 1923-இல் வந்த ஆர் 32 முதற்கொண்டு பிஎம்டபிள்யூ டிரைவ்ஷாஃப்டை விடாமல் பயன்படுத்தி வருவதற்கு இந்த நிம்மதியும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தண்டின் இரு முனைகளிலும் ஸ்ப்லைன் எனப்படும், நீளவாக்கில் வெட்டிய பற்கள் இருக்கின்றன. எஃகின் மேல் எஃகு அமர்ந்து, எஞ்சினின் முழுச் சுழல்விசையையும் கடத்துகிற இடங்கள் அவை. அங்கே கிரீஸ் வற்றிவிட்டாலோ, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தாலோ, வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் உள்ளே துரு வேலை செய்யும். செயின் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. ஷாஃப்ட் பெரும்பாலும் கடைசிக் கட்டம்வரை அமைதியாகவே இருந்துவிடுகிறது. ஆகவே இந்த வேலையை, கிரீஸ் இடுவதற்காக மட்டுமன்றி, உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்ப்பதற்காகவே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிரீஸ் எந்த இடத்துக்குத் தேவைப்படுகிறது? அந்த இடம் ஏன் தேய்கிறது?

கியர்பாக்ஸின் பின்புறம் வெளிவரும் தண்டின் மேல் டிரைவ்ஷாஃப்டின் முன்முனை ஸ்ப்லைன் வழியாக அமர்கிறது. அதையடுத்து, கோணத்தில் மடங்கியபடியே சுழற்சியைக் கடத்தும் முன் யுனிவர்சல் ஜாயின்ட், பிறகு அதிர்ச்சியைத் தாங்குவதற்காக நடுவில் ரப்பர் ஒட்டப்பட்ட குழாய், அதன்பின் இரண்டாவது யுனிவர்சல் ஜாயின்ட், கடைசியில் ஃபைனல் டிரைவ் எனப்படும் பின்சக்கரப் பல்சக்கரப் பெட்டியின் பினியனோடு (அதன் சிறு பல்சக்கரத் தண்டோடு) சேரும் பின் ஸ்ப்லைன் என்ற வரிசையில் அது அமைந்திருக்கிறது. ஆக, கிரீஸ் கேட்கும் இடங்கள் இரண்டு: முன்முனை ஸ்ப்லைனும் பின்முனை ஸ்ப்லைனும்.

இரண்டு ஜாயின்ட்கள் எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் தேய்மானத்தின் காரணமும் புரியும். ஒற்றை ஜாயின்ட் கொண்ட பழைய ஷாஃப்ட் வண்டிகளில், ஆக்ஸிலரேட்டரைத் திருகியவுடன் வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பும். விட்டவுடன் தாழும். இதைக் குறைப்பதற்காக 1987-இல் பிஎம்டபிள்யூ தன் ஆர் 100 ஜிஎஸ் வண்டியில் பாராலிவர் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இதில் ஃபைனல் டிரைவ் ஸ்விங் ஆர்மோடு இறுகப் பிணைக்கப்படாமல், ஒரு கீலில் அசைகிறது. தனியாக ஒரு தாங்குதண்டு அதைச் சேசிஸோடு இணைத்து, எதிர்விசையை ஏற்றுக்கொள்கிறது. அதனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது தண்டின் இரு முனைகளிலும் கோணம் மாறுகிறது. கூடவே அதற்குத் தேவைப்படும் நீளமும் சிறிது மாறுகிறது. அந்தச் சிறு நீள மாற்றத்தைப் பின் ஸ்ப்லைன் சறுக்கிச் சறுக்கி ஈடுசெய்கிறது. மிகுந்த அழுத்தத்தின் கீழ், மிகக் குறைந்த தூரத்துக்கு, ஓயாமல் நடக்கும் இந்த உரசல்தான் கிரீஸை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பற்களின் பக்கங்களில் செந்நிறத் தூளை உண்டாக்குகிறது. முன்முனை ஒரு கம்பி வளையத்தால் பூட்டப்பட்டிருப்பதால் அவ்வளவாகச் சறுக்குவதில்லை. அங்கே எதிரி பெரும்பாலும் ஈரம்தான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று நான் சொல்வேன். பின் டயர் மாற்றும்போது சக்கரம் எப்படியும் கழன்றுவிடுவதால், ஒன்றுவிட்டு ஒரு டயர் மாற்றத்தோடு இதைச் சேர்த்துக்கொள்வது வசதியானது. ஆற்றைக் கடந்த வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி, உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியால் அடிக்கடி கழுவப்படும் வண்டி ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் ஃபைனல் டிரைவின் கீல்வரை ஏறியிருந்தால், அந்தப் பயணம் முடிந்ததும் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்துவிடுவது நல்லது. பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர், முந்தைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

நட்சத்திரத் தலை போல்ட்களுக்கான டார்க்ஸ் சாக்கெட் செட் முதலில் வேண்டும். பின்சக்கர போல்ட்களுக்கு அதில் டி-50 அளவு கட்டாயம் இருக்க வேண்டும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், ஒரு டயர் லிவர், நீளமான ஸ்க்ரூ டிரைவர், கட்டுவதற்குக் கம்பி, முன்சக்கரத்தைப் பூட்ட ஒரு பட்டை, பிரேக் கிளீனர், பஞ்சு உதிராத துணி, சிறிய பெயின்ட் பிரஷ், நல்ல வெளிச்சம் தரும் டார்ச் ஆகியவை இருந்தால் போதும். உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய பணிமனைக் கையேடு கருவிகளை எல்லாம் விட முக்கியமானது. ஒவ்வொரு போல்டின் இறுக்க அளவும், எந்த போல்டைப் புதிதாக மாற்ற வேண்டும், எதற்கு, போல்ட் தானாகத் தளராமல் பிடிக்கும் திரெட் லாக் பசை இட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். பின்சக்கரத்தின் ஐந்து போல்ட்களுக்கும் இந்த வண்டியில் 60 நியூட்டன் மீட்டர். மற்றவற்றைக் கையேட்டிலிருந்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எந்த கிரீஸ் பொருத்தமானது? வீல் பேரிங் கிரீஸ் போதாதா?

போதாது. வீல் பேரிங் கிரீஸ், உருளும் குண்டுகளுக்காகச் செய்யப்பட்டது. ஸ்ப்லைனில் எதுவும் உருள்வதில்லை. பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நுண்ணளவில் உரசுகின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண கிரீஸின் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். மிச்சமிருப்பதை வேகமாகச் சுழலும் தண்டு வெளியே வீசிவிடும். எண்ணெய் போன பிறகும் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் திட மசகுதான் இங்கே தேவை. அதனால்தான் மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிக விகிதத்தில் கலந்த பசைகளை அனுபவமுள்ளவர்கள் நாடுகிறார்கள். ஹோண்டா தன் ஷாஃப்ட் வண்டிகளுக்காக விற்றுவந்த மாலி 60 என்ற பசை இந்த வகையில் பெயர் பெற்றது. பின்னர் அதன் இடத்தை எம் 77 என்ற பசை எடுத்துக்கொண்டது. பிஎம்டபிள்யூ பணிமனைகளில் ஸ்டாபுராக்ஸ் என்ற கிரீஸையும் ஆப்டிமாலி டிஏ என்ற பசையையும் காணலாம்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘மாலி கிரீஸ்’ என்று பெயரிட்ட எல்லாமே பசை அல்ல. பலவற்றில் அந்தத் திடப்பொருள் மூன்று சதவீத அளவிலேயே இருக்கும். அவை மற்ற இடங்களுக்கு நல்லவை, ஸ்ப்லைனுக்கு அல்ல. எதைத் தேர்ந்தாலும், பழைய கிரீஸை முற்றிலும் துடைத்தெடுத்துவிட்டே புதியதை இட வேண்டும். வெவ்வேறு வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும்.

கழற்றும் வரிசை என்ன?

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் பிரேக் லிவரைப் பட்டையால் இறுகக் கட்டி, சென்டர் ஸ்டாண்டையும் முன்சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பின்புறத்தில் இழுத்தும் தள்ளியும் வேலை செய்யும்போது ஸ்டாண்ட் மடங்கினால் நேரும் விபத்து சிறியதாக இருக்காது. கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். வேலை முடியும்வரை சாவி வண்டியில் இருக்கக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றிய பின் பிரேக் காலிப்பரைக் கழற்றி, கம்பியால் சேசிஸில் தொங்கவிடுங்கள். ஹோஸ் அதன் எடையைத் தாங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள். யாராவது தெரியாமல் பிரேக் மிதியை அழுத்தினாலும் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடாமல் அது காக்கும். ஏபிஎஸ் சென்சாரைக் கழற்றி, அதன் வயரை ஃபைனல் டிரைவோடு பிடித்திருக்கும் கிளிப்களிலிருந்தும் விடுவியுங்கள். இந்த வயரை மறந்துவிட்டு ஃபைனல் டிரைவைத் தாழ்த்தினால் அது இழுபட்டு அறுந்துவிடும்.

இனி ஸ்விங் ஆர்முக்கும் ஃபைனல் டிரைவுக்கும் இடையிலுள்ள ரப்பர் உறை. அதன் கட்டை அகற்றி, உதட்டை ஸ்விங் ஆர்மின் விளிம்பிலிருந்து விரலால் சுற்றிலும் உரித்து எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கிழியும். பின்னர் ஃபைனல் டிரைவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மேலே இருக்கும் பாராலிவர் தாங்குதண்டின் பின்முனை போல்டை எடுங்கள். போல்ட் வெளிவந்ததும் ஃபைனல் டிரைவ் தன் கீலில் பின்புறமாகத் தாழும். அதன் எடையைத் திடீரென்று விடாமல் மெல்ல இறக்குங்கள். ஷாக் அப்சார்பர் ஸ்விங் ஆர்மோடு இணைந்திருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. ஃபைனல் டிரைவையும் முழுவதுமாகக் கழற்ற வேண்டியதில்லை. தாழ்ந்தவுடன் பினியன் ஸ்ப்லைன் ஷாஃப்டிலிருந்து விடுபட்டு வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பின் ஸ்ப்லைனை மட்டும் கவனிப்பதாக இருந்தால் இங்கேயே நிற்கலாம். ஆனால் முதன்முறை திறப்பவர் தண்டை முழுவதும் வெளியே எடுப்பதே சரி.

தண்டின் முன்முனை கியர்பாக்ஸை விட்டு வர மறுக்கிறது. என்ன செய்வது?

முன்முனை, ஒரு வட்டக் கம்பி வளையத்தின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும் வகையில் அமைந்தது. சில வண்டிகளில் பின்புறத்திலிருந்து ஒரே வெடுக்கில் இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் கியர்பாக்ஸுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவிலுள்ள முன் ரப்பர் உறையை விலக்கி, ஜாயின்டின் கழுத்துப் பகுதிக்குப் பின்னால் டயர் லிவரை வைத்து நெம்புங்கள். லிவர் ஊன்றும் இடத்தில் கியர்பாக்ஸின் ஆயில் சீல் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து, இடையில் ஒரு தடித்த துணியை வையுங்கள். தண்டைக் கொஞ்சம் சுழற்றி எதிர்ப்பக்கத்திலும் நெம்பினால் வளையம் ஒரு சத்தத்தோடு விடுபடும்.

சுத்தியல் மட்டும் வேண்டாம். தண்டின் மேல் விழும் ஒவ்வோர் அடியும் ஜாயின்டின் ஊசி உருளைகள் வழியாகத்தான் போகிறது. அங்கே விழும் நுண்ணிய தழும்பு சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அதிர்வாக வெளிப்படும். துருவினால் இறுகியிருந்தால், ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

வெளியே எடுத்த தண்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. துடைப்பதற்கு முன்பே பாருங்கள், ஏனெனில் அழுக்கும் ஒரு சாட்சி. பழைய கிரீஸ் கறுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. செங்கல் நிறத் தூளாக உலர்ந்திருந்தால் பற்கள் மசகின்றி உரசியிருக்கின்றன. ஆரஞ்சு நிறத்தில் படலம் படிந்திருந்தால் தண்ணீர் வந்துபோயிருக்கிறது. அப்படியானால் அது வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் தண்டைத் திரும்ப மாட்டுவதில் பயனில்லை.

பிறகு பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்து ஸ்ப்லைன் பற்களைத் துடையுங்கள். நேரடியாகப் பீய்ச்ச வேண்டாம். ஜாயின்டின் சீல்களுக்குள் அது புகுந்தால், ஆலையில் அடைத்த கிரீஸைக் கரைத்துவிடும். இந்த ஜாயின்ட்களில் கிரீஸ் நிப்பிள் இல்லாததால் அதை மீண்டும் நிரப்ப வழியில்லை. துடைத்த பற்களை டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். நல்ல பல்லின் உச்சி தட்டையாகவும் பக்கங்கள் சீராகவும் இருக்கும். பினியனைத் தொடாத முனைப் பகுதியில் தேயாத உலோகம் எஞ்சியிருக்கும். தேய்ந்த பகுதியை அதனோடு ஒப்பிட்டு, இடையில் படி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தெளிவாகத் தடுக்குமளவுக்குப் படி இருந்தால், அல்லது பற்களின் உச்சி கத்திமுனைபோல் கூர்ந்திருந்தால், அந்தத் தண்டுக்கு கிரீஸ் மருந்தாகாது. மாற்றத்தான் வேண்டும். பினியன் ஸ்ப்லைனையும் அதே கண்ணோடு பாருங்கள், ஏனெனில் தேய்ந்த வெளிப்பற்களின் மேல் புதிய உள்பற்களைப் பொருத்தினால் புதியதும் விரைவில் தேயும்.

அடுத்தது யுனிவர்சல் ஜாயின்ட்கள். ஒவ்வொன்றையும் இரு அச்சுகளிலும் மெதுவாக மடக்கிப் பாருங்கள். வழவழப்பாகவும், மிகச் சிறிய, சீரான எதிர்ப்போடும் மடங்க வேண்டும். நேர்நிலையைக் கடக்கும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டுப்பட்டால் உருளைகள் தழும்பேறிவிட்டன. எந்தத் திசையிலாவது ஆட்டம் தெரிந்தாலும், மூடிகளின் ஓரத்தில் செந்தூள் கசிந்திருந்தாலும் அதே தீர்ப்புதான். ஓடும்போது ஜாயின்ட் உடைந்தால் பின்சக்கரத்துக்கு விசை போவது நிற்பதோடு முடியாது. உடைந்த தண்டு ஸ்விங் ஆர்மைக் குத்திக் கிழிக்கவும் சக்கரத்தைப் பூட்டவும் கூடும். சந்தேகம் வந்த ஜாயின்டை இன்னொரு பயணத்துக்குத் தாங்கும் என்று எண்ணித் திரும்ப மாட்டாதீர்கள்.

குழாயின் நடுவே ரப்பர் ஒட்டிய இடத்தில் விரிசலோ பிரிவோ இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பருக்கு இருபுறமும் உள்ள உலோகப் பகுதிகளின் மேல் ஒரே நேர்க்கோட்டில் பெயின்ட் கோடு ஒன்றை இழுத்து வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது கோடு விலகியிருந்தால், ரப்பர் பிடிவிட்டு நழுவியிருக்கிறது என்று அறியலாம்.

கிரீஸ் எவ்வளவு இட வேண்டும்?

குறைவாக. பற்களின் பக்கங்கள் முழுவதும் கறுத்து, பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, பிரஷால் மெல்லிய பூச்சாக இட்டால் போதும். உள்பற்களுக்கும் வெளிப்பற்களுக்கும் அவ்வாறே. குழியை நிரப்பிவிட்டால் இரண்டு தீங்குகள் நேரும். மூடிய குழிக்குள் சிக்கிய கிரீஸும் காற்றும் தண்டு முழுவதும் உள்ளே போகவிடாமல் தடுக்கும். முன்முனையில் வளையம் பூட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம். மேலும், மிஞ்சியது சுழற்சியில் வீசப்பட்டு ரப்பர் உறையின் உட்புறத்தில் படியும். பிற்பாடு அதைப் பார்த்து ஆயில் சீல் கசிகிறது என்று நீங்களே ஏமாறக்கூடும்.

இரண்டு ஜாயின்ட்களையும் ஒரே நேர்க்கோட்டில் வைக்க வேண்டும் என்கிறார்களே?

அந்த அறிவுரை சரியானது. ஆனால் எந்த வண்டிக்கு அது கவலை தரவேண்டும் என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. கோணத்தில் மடங்கிய யுனிவர்சல் ஜாயின்ட், சீரான சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வெளிமுனை இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறைகிறது. இரண்டாவது ஜாயின்டின் கவை (குழாயின் முனையிலுள்ள இருகிளைப் பிடி) முதலாவதின் கவையோடு ஒரே தளத்தில் இருந்தால், அது இந்த ஏற்றத்தாழ்வைத் தலைகீழாக்கி ஈடுசெய்துவிடும். தளம் விலகியிருந்தால் ஏற்றத்தாழ்வு ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்வாக மாறும்.

ஆர் 1200 ஜிஎஸ் தண்டில் இரண்டு ஜாயின்ட்களும் ஒரே குழாயின் இரு முனைகளில் நிலையாக இருக்கின்றன. ஸ்ப்லைன்கள் இரண்டும் ஜாயின்ட்களுக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே எந்தப் பல்லில் மாட்டினாலும் ஜாயின்ட்களுக்கு இடையிலான உறவு மாறாது. இதற்கு முந்தைய ஆர் 1100, ஆர் 1150 வரிசை வண்டிகளில் தண்டு இரண்டு துண்டாக, சறுக்கும் ஸ்ப்லைன் ஜாயின்ட்களுக்கு நடுவில் வரும்படி அமைந்தது. அங்கே பிரிப்பதற்கு முன் இரு துண்டுகளிலும் அடையாளக் கோடு இட வேண்டும். சேர்க்கும்போது கவைகள் ஒரே தளத்தில் வருகின்றனவா என்று உறுதி செய்யவும் வேண்டும்.

மீண்டும் பொருத்தும்போது எங்கே தடுமாற்றம் வரும்?

முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று. முன்முனையைக் கியர்பாக்ஸ் தண்டின் மேல் வைத்து, பற்கள் பொருந்தும்வரை லேசாகச் சுழற்றி, பின்னர் உள்ளங்கையால் உறுதியாகத் தள்ளுங்கள். வளையம் பூட்டிக்கொள்ளும்போது ‘டக்’ என்று கேட்கும், கையிலும் தெரியும். கேட்டதாக நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், தண்டைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது.

பின்முனையில் சிக்கல் வேறு. ஜாயின்ட் தன் எடையால் தொங்கி, ஸ்ப்லைனின் வாய் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபைனல் டிரைவைத் தூக்கும்போது பினியன் அந்த வாயைச் சந்திக்காமல் அதன் ஓரத்தில் முட்டும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரையோ வளைத்த கம்பியையோ உறையின் இடைவெளி வழியாக நுழைத்து ஜாயின்டை நேராகத் தாங்கிக்கொண்டு, மற்றொரு கையால் ஃபைனல் டிரைவை மெல்ல மேலே கொண்டுவாருங்கள். உதவிக்கு ஒருவர் இருந்தால் இந்த இடத்தில் அழையுங்கள். கியரைப் போட்டுவிட்டால் தண்டு சுழலாமல் நிற்கும். அப்போது பிரேக் டிஸ்க்கைப் பிடித்து இம்மியளவு முன்னும் பின்னும் திருப்பினால் பற்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டு உள்ளே சறுக்கும். ஜாக் வைத்துத் தூக்கி அழுத்தக் கூடாது. பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கும்போது ஜாக்கின் விசை பல்லின் முனையை நசுக்கிவிடும். சரியாகப் பொருந்தினால் கைவிசைக்கே ஃபைனல் டிரைவ் மேலே வந்து, தாங்குதண்டின் துளைகள் நேராகிவிடும்.

போல்டை விரலால் சில சுற்றுகள் ஏற்றிய பிறகே ரெஞ்சை எடுங்கள். கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். சென்சார், வயர் கிளிப்கள், காலிப்பர், சக்கரம் என்ற வரிசையில் திரும்ப வாருங்கள். சக்கரம் அமரும் ஹப்பின் முகத்தில் கிரீஸ் கறை இருக்கக் கூடாது. போல்ட்களைக் குறுக்குவாட்டில், இரண்டு கட்டங்களாக, 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

ரப்பர் உறையை எப்படிச் சரியாக அமர்த்துவது?

பொறுமையாக, சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்து. உறையின் உதடு ஓர் இடத்தில் மடங்கி உள்ளே போயிருந்தாலும், அதன் வழியே புகும் தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் தண்டு அதில்தான் சுழலும். உதட்டில் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் எளிதாக அமரும். பெட்ரோலிய கிரீஸ் சில ரப்பர்களை ஊதவைக்கும் என்பதால் தவிர்க்கவும். மடிப்புகளை விரித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, மயிரிழை வெடிப்பு தெரிந்தால் புதிய உறை போடுங்கள். டிரைவ்ஷாஃப்டின் விலையோடு ஒப்பிட்டால் உறையின் விலை ஒரு பொருட்டே அல்ல.

உறைக்குள் எண்ணெய் இருந்தது. எங்கிருந்து வந்திருக்கும்?

முன்பக்கம் ஈரமாக இருந்தால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு சீல். பின்பக்கம் ஈரமாக இருந்தால் ஃபைனல் டிரைவின் பினியன் சீல். நன்றாகத் துடைத்து, ஒரு சிறு பயணத்துக்குப் பின் மறுபடி திறந்து பார்த்தால் எது என்று உறுதியாகும். பினியன் சீலை மாற்றுவதற்குத் தனிக் கருவிகளும் அனுபவமும் வேண்டும். அதை நம்பகமான பணிமனையிடம் ஒப்படைப்பதே நல்லது.

ஃபைனல் டிரைவ் எண்ணெயையும் இதோடு மாற்றிவிடலாமா?

மாற்றலாம், மாற்றுவதே சிறப்பு. தொடக்கத்தில் இதை ஆயுட்கால எண்ணெய் என்று சொன்ன நிறுவனமே பின்னர் மாற்றும் இடைவெளியை அறிவித்தது. தொடக்க ஆண்டு வண்டிகளில் அடியில் வடிகால் போல்ட் இல்லாததால், ஃபைனல் டிரைவைத் தாழ்த்தித்தான் எண்ணெயை வடிக்க முடியும். அவற்றுக்கு இந்த வேலை இரட்டைப் பயன். 75டபிள்யூ-90 கியர் எண்ணெய் 180 மில்லிலிட்டர். கண்ணளவாக ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள், மிகையானால் சீல்கள் கசியும். வடித்த எண்ணெயில் மைபோன்ற நுண்தூள் காந்தத்தில் ஒட்டுவது இயல்பு. செதில்களாக உலோகம் வந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

மற்ற ஷாஃப்ட் வண்டிகளுக்கு இதே முறை பொருந்துமா?

கருத்து பொருந்தும், விவரம் பொருந்தாது. ஆர் 1100, ஆர் 1150 வண்டிகளில் ஃபைனல் டிரைவின் கீல் ஊசிகள் வலிமையான திரெட் லாக் பசையால் பிடிக்கப்பட்டிருக்கும். ஹீட் கன்னால் நன்றாகச் சூடேற்றாமல் திருகினால் மரைகள் பெயர்ந்துவிடும். அவற்றின் பின்சக்கர போல்ட்களுக்கு இறுக்கம் 105 நியூட்டன் மீட்டர். அந்த எண்ணை இந்த வண்டியில் பயன்படுத்திவிடாதீர்கள். 2013-இல் வந்த நீர்க்குளிர்ப்பு ஜிஎஸ் வண்டிகளில் ஷாஃப்ட் இடப்பக்கத்துக்கு மாறிவிட்டது. அந்தத் தலைமுறையில் தண்ணீர் புகுந்து ஜாயின்ட் துருப்பிடிக்கும் சிக்கல் பரவலாகப் பேசப்பட்டு, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்டையே மாற்றும் முறையை பிஎம்டபிள்யூ கொண்டுவந்தது. இந்தியச் சாலைகளில் காணப்படும் பெரிய ஜிஎஸ் வண்டிகளில் பல இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. ஆகவே மழைக்காலம் முடிந்ததும் அவற்றின் உறையைத் திறந்து பார்ப்பது மிகவும் அவசியம். ஹோண்டா எஸ்டி 1300, யமஹா எஃப்ஜேஆர் 1300 போன்றவற்றில் பாராலிவர் இல்லை. சக்கரத்தைக் கழற்றிய பின் ஃபைனல் டிரைவை நான்கு நட்டுகளில் விடுவித்து, தண்டோடு பின்னோக்கி இழுத்துவிடலாம்.

வேலை முடிந்தபின் ஓட்டுவதற்கு முன் என்ன சரிபார்க்க வேண்டும்?

பிரேக் மிதியை, அது கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். முதல் திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கக் கூடாது. நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றி, தட்டலோ இறுக்கமோ இருக்கிறதா என்று கேளுங்கள். சக்கரத்தை மேலும் கீழும், பின்னர் முன்னும் பின்னும் பிடித்து அசைத்து, ஃபைனல் டிரைவின் பேரிங்கில் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். சாவியைப் போட்டு வண்டி நகர்ந்ததும் ஏபிஎஸ் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சாரின் இணைப்பையும், அதன் முனையில் கிரீஸ் அப்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருபது கிலோமீட்டர் மிதமான வேகத்தில் ஓட்டித் திரும்பி, ரப்பர் உறையின் இரு விளிம்புகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறை இல்லையென்றால் சக்கர போல்ட்களை மட்டும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சோதித்து, தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் குறித்துவையுங்கள்.